எங்கள் பேண்டைக் கெடுத்தது யார்?

கூடையில் அமுக்கி வைத்த தேயிலைக் கொழுந்து வெயிலில் சூடாகும்போது ஒரு வாசனை வரும். முதலில் பச்சையாக இருக்கும், அப்புறம் லேசாகப் புளிக்கும். எஸ்டேட்டில் பிறந்தவன் அந்த வாசனை வந்தாலே கூடையைத் தேடி ஓடுவான். உள்ளே கையை விட்டால் இட்லிப் பானை மாதிரி சுடும்... அடியில் இலை சிவக்க ஆரம்பித்திருக்கும். சிவந்த கொழுந்தை எஸ்டேட் கணக்கர், கிராணி, நிறுக்க மாட்டார். கொட்டச் சொல்லிவிடுவார்.

எங்கள் ராக் பேண்ட் முடிந்துபோன நாளை நினைத்தால் அந்த வாசனைதான் முதலில் வருகிறது.

நாங்கள் மூன்று பேர். பாட்டும் கிட்டாரும் ஜெயராஜ். டிரம்ஸ் முனியாண்டி. பாஸ் கிட்டார் நான். அப்போது எனக்கு எஸ்டேட்டில் மருந்து அடிக்கிற வேலை. முதுகில் டேங்க், கண்ணில் எப்போதும் எரிச்சல். அந்த வேலையை விட்டு மலை இறங்க எனக்கு இருந்த ஒரே வழி அந்த பேண்ட். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு மழை நாளில் ஜெயராஜ் விளையாட்டாக ஒரு காதல் பாட்டு போட்டான். அரை மணி நேரத்தில் முடித்தது. ரேடியோவில் அதுதான் ஹிட் ஆனது! பிரிஞ்சாங் பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஸ்ட்ராபெரி விற்கிறவர்கூட அதை முணுமுணுத்தார். நாங்கள் உயிரைக் கொடுத்துப் போட்ட மற்ற பாட்டுகளை ஒருவரும் கேட்கவில்லை. அதிலிருந்து அவனுக்கு அந்தப் பாட்டின் மேல் வெறுப்பு. ஈப்போ மேடையில் அதை இரண்டு மடங்கு ஸ்பீடில் பாடிவிட்டு இறங்கிப் போனான். ரேடியோ பேட்டியில், அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்று கேட்டார்கள்.

"கக்கூஸ்ல உக்காந்துக்கிட்டு எழுதுனதுங்க" என்றான். லைவ்.

முனியாண்டி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படியும் கோலாலம்பூரிலிருந்து ஒரு கம்பெனி எங்களைத் தேடி வந்தது. ஆல்பம் போடலாம், ஆனால் முதலில் அந்தப் பாட்டைத் தேயிலை மலையிலேயே வீடியோ எடுக்க வேண்டும், சுற்றிலும் கொழுந்து பறிக்கும் பெண்கள் நிஜக் கூடையோடு உட்கார வேண்டும் என்றார் அவர்கள் அனுப்பிய டைரக்டர் அம்மா. நான்தான் எஸ்டேட் துரையிடம் கெஞ்சி பெர்மிஷன் வாங்கினேன். மத்தியான நிறுவைக்கு முன்னால் அரை மணி நேரம். கேமராவுக்கும் ஸ்பீக்கருக்கும் கரண்ட் கொடுக்க ஒரு ஜெனரேட்டரும் மலையேறியது. பத்து அக்காமார் கூடை நிறையக் கொழுந்தோடு வந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒருத்தர் ஜெயராஜின் சொந்த அக்கா, மேரி.

"டிவில நல்லா தெரிவேனாடா? பவுடர்லாம் போட்டுட்டு வந்திருக்கேன் லா."

"தெரிவக்கா. உன் தம்பி ஒழுங்கா பாடட்டும், அது போதும்."

முதல் டேக்கில் வரியை மாற்றிப் பாடினான். இரண்டாவதில் கிட்டார் சுருதி இறங்கியிருந்தது... அவனே இறக்கியது, நான் பார்த்தேன். மூன்றாவதில் பாதியில் நிறுத்தி இருமினான்.

கிட்டே போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "டேய், ஒரே ஒரு தடவ. எனக்காகப் பாடுடா."

"இத இன்னிக்கு பாடிட்டா சாகுற வரைக்கும் இதத்தான் கேப்பானுங்க. ஆசையா இருந்தா நீ பாடு லா."

நாலு, ஐந்து, ஆறு... அரை மணி நேரம் ஒன்றரை மணி நேரமானது. வெயில் ஏறியது. நிறுவைக்குச் சங்கு ஊதிவிட்டார்கள். அக்காமார் ஒருவரையொருவர் பார்த்தார்களே தவிர, யாரும் எழவில்லை. கூப்பிட்டு வந்தவன் நான். என் முகத்துக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

மேரி அக்கா கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தார். வெடுக்கென்று எடுத்தார்.

"டேய் ராஜு! பாட இஷ்டமில்லன்னா அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொல. உன் ரோஷத்துக்கு எங்க கொழுந்து வேகணுமா? விடியக்காலையிலேருந்து பறிச்சதுடா!"

ஜெயராஜ் முகம் செத்துப்போனது. அவன் கம்பெனியின் பொறுமையைத்தான் சோதித்துக்கொண்டிருந்தான். அக்காவின் கூடை அவன் நினைப்பிலேயே இல்லை. என் நினைப்பிலும்தான்.

சுருதி சேர்த்தான். கண்ணை மூடிக்கொண்டு பாடினான். அது எவ்வளவு நல்ல பாட்டு என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. கேமராக்காரர் கை தட்டினார். அக்காமார் எழுந்தார்கள்.

"சூப்பர்! யாரும் எந்திரிக்காதீங்க. குளோசப்புக்கு இன்னும் ரெண்டு தடவ போகணும்" என்றார் டைரக்டர் அம்மா.

"மேடம், நிறுவை முடியப்போகுது. கொழுந்து கெட்டுடும்" என்றேன்.

"ஆல்பம் வேணுமா, கொழுந்து வேணுமா? யோசிச்சுச் சொல்லுங்க தம்பி."

ஜெயராஜ் என்னைப் பார்த்தான். "பரவால்லடா... பாடிடுறேன்" என்றான். அவன் அப்படி இறங்கி வந்து நான் பார்த்ததே இல்லை. இத்தனை மாதம் நான் கேட்டது கைக்கு வந்துவிட்டது. தலையாட்டினால் போதும்.

நடந்துபோய் ஜெனரேட்டரை நிறுத்தினேன்.

"அக்கா, ஓடுங்க" என்றேன்.

ஓடினார்கள். கிராணி பாதிக் கொழுந்தை நிறுத்தார், பாதியைக் கொட்டச் சொன்னார். "இந்த மாதிரி பசங்களோட வேல செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டு டைரக்டர் அம்மா வேனில் ஏறினார். அந்தக் கம்பெனி திரும்ப வரவேயில்லை. மறுநாள் காலையில் நான் மருந்து டேங்க்கைத் தூக்கி முதுகில் மாட்டினேன்.

எனக்கு இப்போது திரிங்காப்பில் காய்கறி மொத்த வியாபாரம், சொந்த லாரிகள். ஊரில் இன்னும், "ஜெயராஜ் திமிராலதான் பேண்ட் போச்சு" என்று பேசுகிறார்கள். நானும் இத்தனை வருஷம் ஆமாம் போட்டிருக்கிறேன். பெரிய சான்ஸை நானே உதறினேன் என்று சொல்வது வியாபாரிக்கு அழகில்லை என்று நினைத்தேன். அவன் ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. அதனால்தான் இன்று எழுதுகிறேன். நிறுத்தியது நான்.

போன மாதம் முனியாண்டி மகள் கல்யாணம். யாரோ அந்தப் பாட்டைப் பாடச் சொன்னார்கள். ஜெயராஜ் இப்போது ஸ்கூல் பஸ் ஓட்டுகிறான், தலை முழுக்க நரைத்துவிட்டது. சிரித்த முகமாக மைக்கை வாங்கிப் பாடினான். எல்லோரும் ஃபோனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

எங்கேயாவது ஓர் இடத்தில் வேண்டுமென்றே கெடுப்பான் என்று நான் கடைசி வரி வரைக்கும் காத்திருந்தேன்...

கெடுக்கவில்லை.