மேடம் குரலில் கூப்பிட்டேன்

வேலைக்கு ஆள் எடுக்கும் அறைக்கு வெளியே நின்று பெயர் கூப்பிடுவதும் ஒரு வேலைதான். பள்ளிக்கூட உயர்தரப் பரீட்சை முடிவு வரும்வரை நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் அதைத்தான் செய்கிறேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து உள்ளங்கை வியர்த்தவர்களே, உங்களுக்கு முன்னால் உள்ளே போனது யார் என்று என்றைக்காவது கவனித்தீர்களா?

உடையாத கோப்பை

வெயிட்டர் வேலைக்கு வந்தவர்களைத் தட்டில் தேநீர் கொண்டுவரச் சொன்னார் மெனேஜர் மேடம். முதல் ஆள் கதவில் இடித்து மூன்று கோப்பையையும் உடைத்தார். அடுத்தவர் பாதித் தேநீரைத் தட்டிலேயே சிந்திவிட்டு, மீதியை மேசையில் வைத்தார். மேடத்துக்கு ஏக சந்தோஷம். அன்று மாலை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் இருந்த எல்லாருக்கும் அவர் குரலிலேயே பேசிக் காட்டினேன்: "இவரையே எடுங்க. கோப்பை முழுசா இருக்கு."

சாப்பாட்டு மணி

சமையலறை வேலைக்குக் காலையில் வந்தவர்களிடம் இருபது நிமிடம் பேசினார்கள். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் உள்ளே போன, இறம்பொடையிலிருந்து வந்திருந்த ஓர் அண்ணனுக்கு இரண்டே கேள்வி. அதில் ஒன்று பெயர். வெளியே வந்து சொன்னார்: "என்னைய எங்க பாத்தாங்க தங்கச்சி, கடிகாரத்தத்தான் பாத்தாங்க."

ஐந்தாம் நம்பர்

வரவேற்பு மேசைக்கு இரண்டு பேர் தேவை. எங்கள் லயத்துக் கோகிலா அக்கா ஐந்தாம் நம்பர். கிடைத்தால் கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிடலாம் என்று, இரவல் சேலை கசங்காமல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார்.

மூன்றாவதாகப் போன கண்டிப் பெண் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வெளுத்துக் கட்டிவிட்டு வந்தாள். நான்காவது பையனுக்கு இருந்த பயத்தில் சொந்த ஊரே மறந்திருக்கும். அவனுக்குப் பின்னால் போனால் அக்கா ஜொலிப்பார். கோப்பை உடைந்த அன்றே எனக்கு அது புரிந்திருந்தது. ஆனாலும் குறும்பு விடவில்லை. அவன் டொய்லட் பக்கம் போனதும், முகத்தைத் திருப்பிக்கொண்டு மேடம் குரலில், "கோகிலா, உள்ள வாங்க" என்றேன். திடுக்கிடுவார், சிரிக்கலாம் என்று பார்த்தால், எழுந்து உள்ளேயே போய்விட்டார். மேடமும் உட்காரச் சொல்லிவிட்டார்.

கதவுக்கு வெளியே கேட்டவரை அக்கா நன்றாகத்தான் பேசினார். அடுத்துப் போன பையன் திணறினான். அவனுக்குப் பின்னால் போன ஆறாம் நம்பர், அக்காவில் பாதிகூட இல்லாதவள், இரண்டாவது இடத்தைப் பிடித்தாள். என் கையிலிருந்த பட்டியலை வாங்கி அக்காவின் பெயரை வெட்டும்போது மேடம் சொன்னார்: "அந்தக் கண்டிப் பிள்ளைக்குப் பிறகு இது கொஞ்சம் மங்கல்."

திரும்பும் பஸ்ஸில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஏசுவார் என்று காத்திருந்தேன். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டார்: "அதே குரல்ல இன்னொரு தடவ சொல்லு பிள்ள. உங்கள எடுத்திருக்கோம்னு."

அன்றிலிருந்து வரிசை மாறாமல் என் சொந்தக் குரலில்தான் கூப்பிடுகிறேன். அதுதான் யாருக்கும் சரியாகக் கேட்பதில்லை.