கட்டுச்சோற்றுப் புளி

எங்கள் வீட்டில் கடலைப் பற்றித் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பார்த்ததில்லை, படித்திருந்தேன். எங்கள் வகையறாவில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆகவே கடலை முதலில் பார்ப்பதும் நானாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அண்ணனுக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்களாகியும் பிள்ளை இல்லை. ஐப்பசி அமாவாசைக்கு அண்ணனும் மதினியும் ராமேஸ்வரம் கடலில் சேர்ந்து முழுக வேண்டும் என்று அம்மா நேர்ந்துகொண்டாள். மலையெல்லாம் மேகம் இறங்கி, கம்பம் ரோட்டில் மாட்டு வண்டிகள் சேற்றில் புதைந்துகொண்டிருந்த சமயம்.

"இந்த மழையிலயா?" என்றார் அப்பா.

"கடல்ல முழுகப் போறவுகளுக்கு மழை என்ன செய்யும்?" என்றாள் அம்மா.

ஸ்டேஷன் பலகைகளைப் படிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். தேனியில் எந்த வண்டி ஏறுவது, மதுரையில் எங்கே மாறுவது என்று விசாரித்து வைத்தது நான்தான். ஆனால் புதுச் சேலை மதினிக்கு. பாம்பன் பாலத்தில் சன்னலோர இடமும் மதினிக்கு என்று அண்ணன் இப்போதே சொல்லிவிட்டான். தன் பெயரைக்கூட எழுதத் தெரியாதவள்!

"கடலு எந்தப் பக்கம் வரும், வாத்தியாரம்மா?" என்று என்னிடம் கேட்டாள்.

"ரெண்டு பக்கமும்."

"அப்ப என்ன, ஆளுக்கொரு பக்கம் பாத்துக்குவம்" என்று சிரித்தாள். எனக்கு இரண்டு பக்கமும் வேண்டியிருந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள், கட்டுச்சோற்றுக்கு எடுத்துவைத்த புளி உருண்டையில் பாதியைக் காணோம். மீதியைக் கையில் எடுத்துக்கொண்டு தேடிப் போனால், மதினி மாட்டுக் கொட்டத்தில் நின்று புளியைச் சப்பிக்கொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"ஆத்தா, இங்கன வந்து ஒன் மருமக லட்சணத்தப் பாரு. சோத்துக்கு வச்ச புளியக் களவாண்டு திங்குறா!"

அம்மா ஓடி வந்தாள். மதினியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டவில்லை.

"எம்புட்டு நாளாச்சு தாயி?"

மதினி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கு முறித்துக்கொண்டே அழுதாள். பிறகு உள்ளே பார்த்துக் கூவினாள்: "ஏலே, மூட்டையப் பிரிலே! மாசமா இருக்கவ புருசன் கடல்ல முழுகக் கூடாது. பிள்ள பொறந்து மொட்டை போடப் போவம்."

அண்ணன் சிரித்துக்கொண்டே மூட்டையைப் பிரித்தான். அப்பா மழையில் நனைந்தபடி வெல்லம் வாங்கப் போனார். நான் விசாரித்து வைத்த வண்டிகளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மதினி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கடலப் பாத்துட்டு வந்து இதச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள் மெதுவாக. "கெடுத்துட்டியே, வாத்தியாரம்மா."

அவள் கண் கலங்கியிருந்தது. பிள்ளை வரப்போகிறது, வீடே அவளைத் தாங்குகிறது. அப்படியும் அவளுக்குக் கடல் வேண்டியிருந்திருக்கிறது, எனக்கு வேண்டியிருந்த அதே அளவுக்கு. எனக்கென்று இருந்தது அந்த ஆசை ஒன்றுதான். அதிலும் அவள் பங்குக்கு வந்துவிட்டாள்.

மீதிப் புளியை அவள் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.