செருப்பை எண்ணிச் சோறாக்கியவர்

புதுச்சேரியில் ஒரு முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று பெண்ணைப் பெற்றவருக்குத் தெரியாது, மாப்பிள்ளையைப் பெற்றவருக்குத் தெரியாது, பத்திரிகை அடித்துக் கொடுத்த அச்சகத்துக்கும் தெரியாது. அப்துல் கஃபாருக்குத் தெரியும். நிக்காஹ் நடக்கும் பள்ளிவாசலின் படியில் கிடக்கும் செருப்புகளை அவர் எண்ணிவிடுவார்.

கஃபார் ஒரு பண்டாரி, அதாவது கல்யாணத்துக்குப் பிரியாணி ஆக்குகிறவர். ஐம்பத்தெட்டு வயது, முப்பத்தைந்து வருடத் தொழில், இடது முழங்காலில் வலி. விடியற்காலையிலேயே கறியை மசாலாவில் வேகவைத்துவிடுவார். அரிசியைத் தொடமாட்டார். நிக்காஹ் தொடங்கும் நேரத்துக்கு ஸ்கூட்டரில் பள்ளிவாசலுக்குப் போய், செருப்பை எண்ணி, அங்கிருந்தே மண்டபத்துக்குப் போன் போட்டு இத்தனை கிலோ என்பார். அதற்கப்புறம்தான் அரிசி ஊறும்.

எல்லாச் செருப்பும் ஒன்றல்ல. தோல் ஷூ காரில் வந்தது. மனைவியோடு வந்திருக்கும், சர்க்கரை வியாதியோடும் வந்திருக்கும், இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றரை ஆள். ரப்பர் செருப்பு முழு ஆள், அதோடு வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் நேராக மண்டபத்துக்கு அனுப்பியிருக்கும். குதிகால் தேய்ந்திருந்தால் உழைப்பாளி, அரை ஆள் கூட்டிக்கொள்ள வேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பிரான்சு பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டுக்காரர்கள் தனி ரகம். பத்திரிகையில் போட்ட நேரத்துக்கு வந்து, ஒரு கரண்டி போதும் என்று சொல்லி, உண்மையிலேயே ஒரு கரண்டியோடு எழுந்துவிடுவார்கள்.

கல்யாண வீட்டார் யாராயிருந்தாலும் முதல் நாள் மாலை வந்து, பத்தாமல் போய்விடும், இன்னும் ஒரு தேக்சா போடுங்கள் என்று கெஞ்சுவார்கள். தேக்சா என்பது இருநூறு பேருக்கு ஆக்கும் பெரிய பாத்திரம். கஃபார் 'சரி' என்பார், போடமாட்டார். சரி என்பது சத்தியம் ஆகாது என்பது அவர் கட்சி.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. மாமாவிடம் தொழில் பழகிய காலத்தில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தில் இரண்டு தேக்சா மிஞ்சிவிட்டது. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு சம்பந்திகளும் மறுநாள் காலைவரை மரியாதை காட்டிக்கொண்டார்கள். அதற்குள் சோறு ஊசிப்போய்விட்டது. அதைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்ப் பெரிய வாய்க்காலில் கொட்டும் வேலை கஃபாருக்கு வந்தது. கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். வீட்டில் டீயும் காய்ந்த ரொட்டியான பொறையும்தான் இருந்தன. அப்போது அழுதார் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அழவில்லை, பொறையைத் தின்றார். கையிலிருந்த நாற்றம் மட்டும் மூன்று நாள் போகவில்லை.

அரிசி மூட்டையில் இருக்கும்வரை ஒரு வருடம் காத்திருக்கும், உலையில் விழுந்தால் மறுநாள்கூட நிற்காது என்பதுதான் அவர் வாழ்க்கையில் கண்டுபிடித்த ஒரே தத்துவம். ஊரில் ரேஷன் கடைகள் வருடக்கணக்கில் மூடிக் கிடந்து, அரிசிக்குப் பதில் வங்கியில் பணம் விழுந்த காலத்தில், பணத்தை ஊறவைத்தால் பொங்குமா என்று மனைவி ஜரினாவிடம் கேட்டவரும் அவர்தான்.

ஒருமுறை கடற்கரைப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் உலகப் பசியை ஒழிப்பது பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு நடந்தது. மதியச் சாப்பாடு கஃபாருடையது. முந்நூறு பேர் பதிவு செய்திருந்தார்கள். அங்கே யாரும் செருப்பைக் கழற்றாததால் கஃபார் வண்டி நிறுத்தும் இடத்தைச் சுற்றிவந்து நூற்றுப் பத்துப் பேருக்கு ஆக்கினார். நூற்று எட்டுப் பேர் சாப்பிட்டார்கள். அசந்துபோன பேராசிரியர் ஒருவர் அவரை மேடையேற்றி, உணவு வீணாவதைத் தடுக்க வழி என்ன என்று கேட்டார். வருகிறவர்களை எண்ண வேண்டும் என்று கஃபார் சொன்னார். மேலும் எதிர்பார்த்து எல்லாரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். அவர் மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு மகள் நிதாவின் கல்யாணம் வந்தது.

மாப்பிள்ளை ஷாரிக் நல்ல பையன். அவனைப் பெற்ற அத்தா கலீலுர் ரகுமானும் நல்லவர்தான், உப்பளம் பகுதியில் டைல்ஸ் கடை வைத்திருந்தார். ஆனால் அவருக்கு ஒரு காயம் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் மூத்த மகன் கல்யாணத்தில் பெண் வீட்டில் சோறு பத்தாமல் போய், அவருடைய மச்சான் பஸ் ஸ்டாண்டில் பரோட்டா தின்றுவிட்டு ஊர் திரும்பினார். திரும்பியவர் அதோடு விட்டிருக்கலாம். அதற்குப் பிறகு நடந்த எல்லாச் சுன்னத்திலும் எல்லாச் சாவு வீட்டிலும் அந்தப் பரோட்டாவைப் பற்றிப் பேசினார்.

அதனால், நான்கு தேக்சா பத்தாது, ஐந்தாவதும் போடுங்கள் என்று கேட்ட கலீலுர் ரகுமான் கஃபாரின் 'சரி'யை நம்பவில்லை. ஐந்தாவது தேக்சாவுக்கு என்று தன் பங்காக இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை மண்டபத்துக்கே அனுப்பிவைத்தார். மூட்டையின் மேல் பச்சை மையில் தன் கடையின் பெயரையும் எழுதியிருந்தார்.

நிக்காஹ் அன்று ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. பெண்ணைப் பெற்றவர் என்ற முறையில் கஃபார் புதுக் கைலியும் சட்டையுமாகப் பள்ளிவாசலுக்குள் போனார். குனிந்த தலை நிமிராமல் மெல்ல மெல்லப் படியேறினார். பாவம், ஒரே மகளைப் பிரிகிற துக்கம் என்று பார்த்தவர்கள் சொல்லிக்கொண்டார்கள். கஃபார் செருப்பு எண்ணிக்கொண்டிருந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு ஜோடி. பெண்கள், பிள்ளைகள் சேர்த்து எழுநூற்று எண்பது பேர். நான்கு தேக்சா போதும் என்று போனில் சொல்லிவிட்டு உள்ளே போய் மகளை ஒப்படைத்தார்.

துஆ முடிந்து எழும்போது கலீலுர் ரகுமான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அஞ்சாவது போட்டாச்சா என்று கேட்டார். கையை விடவில்லை. 'சரி' என்கிற பதில் பொருந்தாத கேள்வி அது.

"போட்டாச்சு," என்றார் கஃபார்.

பள்ளிவாசலுக்குள் நின்று சொன்ன பொய்.  முருங்கப்பாக்கத்து மண்டபத்துக்குத் திரும்பியதும் முதல் காரியமாகக் கஃபார் ஜரினாவிடம் சிப்பத்தைச் சாமான் அறையில் ஜமுக்காளத்துக்கு அடியில் மறைக்கச் சொன்னார். ராத்திரி வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டால் தீர்ந்தது.

சாப்பாடு ஒரு மணிக்குத் தொடங்கி மூன்றுக்கு முடிந்தது. நான்கு தேக்சாவும் துடைத்துவிட்டாற்போல் காலி. ஒரு பருக்கை இல்லை, யாரும் கேட்டு இல்லையென்று சொல்லவும் இல்லை. கலீலுர் ரகுமானுக்குத் தலைகால் புரியவில்லை. மச்சானைத் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு மேசை மேசையாகப் போய், அஞ்சு தேக்சாவும் காலி, நான் மட்டும் அந்த அஞ்சாவதைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லாரையும் கேட்டார். என்ன ஆகியிருக்கும் என்று எல்லாரும் அவரையே திருப்பிக் கேட்டார்கள். கஃபார் பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. கடலூர் சாலையில் வேளாங்கண்ணிக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு கூட்டம் மாதா சப்பரத்தை இழுத்துக்கொண்டு மண்டப முகப்பில் வந்து ஒதுங்கியது. காவி உடை, வெறுங்கால், கணுக்கால் வரை சேறு. கலீலுர் ரகுமான் நல்ல மனநிலையில் இருந்ததால் தானே போய் உள்ளே கூப்பிட்டார். கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்தவர் ஸ்டெல்லாமேரி என்ற அம்மாள், சென்னையில் துணிக்கடை வேலை. மழை விட்டதும் போய்விடுவோம் என்றார். சமையல் சாமானோடு வந்த வண்டி காலாப்பட்டில் பழுதாகி நிற்கிறது என்பதைக் கேட்ட பிறகுதான் சொன்னார். சோறு எதுவும் அவர் கேட்கவில்லை.

கல்யாண வீட்டு வாசலுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புவது வழக்கமில்லை. கலீலுர் ரகுமான் கஃபாரைப் பார்த்தார். காலியான தேக்சாவைப் பார்த்தார். பிரியாணி இருந்தாலும் உதவாது, மாலை போட்டிருக்கிறோம், வேளாங்கண்ணி போகும்வரை கறி தொடமாட்டோம் என்று ஸ்டெல்லாமேரியே அவரைக் காப்பாற்றினார். பன்னும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று கலீலுர் ரகுமான் முடிவு செய்தார். நல்ல முடிவு. யாருக்கும் குறையில்லை. சிப்பம் ஜமுக்காளத்துக்கு அடியில் பத்திரமாகக் கிடக்கும்.

கஃபார் வழக்கம்போல் கீழே பார்த்தார். எண்ணுவதற்கு ஒரு செருப்பு இல்லை. தலைகளை எண்ணினார், நாற்பத்து மூன்று. கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று ஸ்டெல்லாமேரியிடம் கேட்டார்.

"நேத்து சாயந்திரம். வழியில டீ குடிச்சோம்," என்றார் அவர்.

டீ என்றதும் கஃபாருக்குப் பொறை ஞாபகம் வந்தது. ஜரினா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். ஜரினா பயந்ததில் நியாயம் உண்டு. இன்று மாலை நிதா அந்த வீட்டுக்குப் போகப்போகிறவள். பொய்க்காரன் மகள் என்ற பெயரைச் சீர்வரிசையோடு சேர்த்து எடுத்துப்போக வேண்டியிருக்கும். பரோட்டாவை ஆறு வருடம் பேசிய மச்சான் இதை அறுபது வருடம் பேசுவார்.

கஃபார் சாமான் அறைக்குப் போய்ச் சிப்பத்தை இழுத்துவந்து கூடத்தின் நடுவில் வைத்தார். மூட்டையின் வாயில் போட்ட தையல் பிரியவில்லை. பச்சை மை எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்தது.

"அஞ்சாவது போடல சம்பந்தி. போட்டாச்சுன்னு பள்ளியில நின்னு பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க. இவங்களுக்கு இத ஆக்கிப் போடறேன்."

 அப்போ நாம சாப்பிட்டது நாலா என்று மச்சான் கேட்டார்.  கலீலுர் ரகுமான் மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் கறுத்துவிட்டது. அரை மணி நேரமாக மேசை மேசையாகப் போய் அவர் சொன்னதை எல்லாம் இப்போது யார் திரும்ப வாங்குவது?

இன்னொரு சிக்கலும் இருந்தது. எல்லாத் தேக்சாவும் கறி பட்டவை, விரதக்காரர்களுக்கு ஆகாது. கஃபார் யோசித்துக்கொண்டிருக்கும்போது மேடையில் பூவும் தாவணியுமாக உட்கார்ந்திருந்த நிதா முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"என் சீர்ல புது அண்டா இருக்கு அத்தா. எடுத்துக்கங்க."

ஸ்டிக்கர்கூட உரிக்காத அண்டாவில் உலை வைத்தார்கள். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் தால்சாவுக்கு வாங்கியதில் மிஞ்சிய பருப்பும் கத்திரிக்காயும் ஒரு புதுக் குண்டானில் வெந்தன. கஃபார் ஒன்பது கிலோ அளந்து போட்டார். முழுசா போடுங்க பாய் என்று யாரோ சொன்னார்கள். நடந்து வந்தவர்கள் என்றுதான் ஒன்பது, இல்லாவிட்டால் ஆறு போதும் என்றார் கஃபார். சற்றுமுன்தான் மானம் போனவர் என்று அவரைப் பார்த்தால் சொல்ல முடியாது.

வெள்ளைச் சோறும் பருப்பும் பரிமாறும்போது கடைசிப் பெஞ்சில் காவிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைச் சட்டை உட்கார்ந்திருந்தது. கலீலுர் ரகுமான். திட்டத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக் கஃபார் கிட்டே போனார்.

"எனக்கும் ஒரு கரண்டி வைங்க," என்றார் அவர், நிமிர்ந்து பாராமல். "நான் இன்னும் சாப்பிடல. பத்தாம போயிடுமோன்னு பயம். நம்ம வீட்டு ஆளுங்க யாரும் உக்காராதீங்கன்னு நான்தான் சொல்லி வெச்சேன். பெரிய மருமக, பசங்க, டிரைவர் எல்லாம் பட்டினிதான்."

கஃபார் கரண்டியோடு அப்படியே நின்றார். அந்த மனிதர் பள்ளிவாசல் படியில் விட்ட பழுப்புத் தோல் செருப்பை அவர் காலையில் எண்ணியிருந்தார். நன்றாகச் சாப்பிடுகிற செருப்பு என்று தனியாகக் குறித்தும் வைத்திருந்தார். நான்கு தேக்சாவும் காலியானது தன் கணக்கால் என்று அவர் நினைத்திருந்தார். முப்பத்தைந்து வருடமாக அப்படித்தான் நினைத்திருந்தார். அத்தனை கல்யாணத்திலும் ஒரு பருக்கை மிஞ்சாமல், குறையாமல் போனபோது, யார் யார் பசியோடு சுவரோரம் நின்று வந்தவர்களைச் சிரித்து உபசரித்துக்கொண்டிருந்தார்களோ. அவருக்கு வாய்க்கால் நாற்றம் மறுபடி கையில் ஏறினாற்போல் இருந்தது.

சம்பந்தியின் இலையில் நிறைய வைத்தார். பிறகு மண்டபம் முழுக்க நடந்து, நின்றுகொண்டிருந்த ஒவ்வொருவரிடமும் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். சாப்பிட்டாச்சு என்றவர்களை நம்பாமல் இரண்டாம் முறையும் கேட்டார். முழங்கால் வலித்தது. திரும்பி வந்து, பத்தொன்பது பேர், இன்னும் மூன்று கிலோ போடு என்று ஜரினாவிடம் சொன்னார். மீதி அரிசி என்ன ஆவது என்று மச்சான் கேட்டதற்கு, மூட்டையிலேயே இருக்கட்டும், அவர்கள் வண்டி வந்ததும் ஏற்றிவிடலாம் என்று கலீலுர் ரகுமான் வாயில் சோற்றோடு சொன்னார்.

ஜரினா அரிசியை அளக்காமல் நின்றார்.

"என்னையும் சேத்தீங்களா?"

"சேத்தேன். உன்ன, உங்க அக்காவ, எல்லாரையும்."

"உங்கள?"

கஃபார் விரல் மடக்கி மறுபடி எண்ணினார். பத்தொன்பதுதான் வந்தது. விடியற்காலையில் குடித்த டீயோடு நிற்பது அப்போதுதான் தெரிந்தது. ஜரினா இன்னும் ஒரு கை அரிசியை அள்ளிப் போட்டுவிட்டு, போய்ச் சம்பந்தி பக்கத்தில் உட்காரச் சொன்னார். கஃபார் போய் உட்கார்ந்தார்.