ஒருங்கிணைப்புக் கூட்டம், பகல் ஒன்றரை மணி

எடை இயந்திரங்கள் விற்றுப் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'சரிங்க'. புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டும் மரியாதைக்காக 'சரிங்க சார்' என்பார்கள். எந்தக் கடையில் தராசு பொய் சொல்கிறது, அதைத் திருத்த எந்த மெக்கானிக் எப்போது போவது என்று பிரித்து அனுப்புவது அவர் வேலை. வாடிக்கையாளர் காலையிலேயே ஆள் வேண்டும் என்பார். சரிங்க. மெக்கானிக் மாலையில்தான் முடியும் என்பார். அவருக்கும் சரிங்க. இந்த இரண்டு சரிங்கவுக்கும் நடுவில் கிடந்து அல்லாடுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

'முடியாது' என்ற சொல்லை அவர் பிறர் சொல்லிக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். அவர் வீட்டில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் இரண்டு உண்டு. இரண்டாவதை விற்க வந்தவர் வெயிலில் அலைந்து களைத்துப் போயிருந்தார் என்பதைத் தவிர அதை வாங்க வேறு காரணம் இல்லை. இப்போது ஒன்று சுத்தம் செய்த தண்ணீரை மற்றொன்று சுத்தம் செய்கிறது.

கல்யாணத்துக்கு முன்பு பெண்ணைத் தனியே பேசவிட்டார்கள். "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று அவள் கேட்டாள். "சரிங்க," என்றார். "சரியான்னு கேக்கலை, பிடிச்சிருக்கான்னு கேட்டேன்," என்றாள். மனிதர் வியர்த்துப் போய்த் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் அந்தக் குடும்பம் இத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

மனைவி இரண்டு தெரு தள்ளி ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். ஃப்ரேமுக்குத் தகுந்தபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது அவள் தொழில். ஒரு மயிரிழை பிசகினாலும் வாங்கிப் போனவருக்குத் தரையே சாய்ந்து தெரியும். அப்படிப்பட்ட தொழிலில் இருப்பவளிடம் சாக்குப்போக்கு செல்லாது. கடை நேரத்தை நீட்டித்தபோது அவளுக்குப் பிற்பகல் ஷிஃப்ட் விழுந்தது. அவர் வீடு திரும்பும்போது அவள் கடையில். அவள் திரும்பும்போது அவர் குறட்டையில். காலையில் அவர் கிளம்பும்போது அவள் போர்வைக்குள் ஒரு மேடு. பேச்சுவார்த்தை எல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய துண்டுச் சீட்டில். 'பால் வாங்கவும்.' 'வாங்கியாச்சு.' அன்புக்கும் பாலுக்கும் ஒரே சீட்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள்தான் ஆரம்பித்தாள். "ஏங்க, ஞாயித்துக்கிழமையை விட்டா, நாம ரெண்டு பேரும் ஒரே நேரத்துல முழிச்சிருந்து எத்தனை நாளாச்சு?"

அவர் யோசித்தார். யோசிக்க வேண்டியிருந்ததே பதிலாகப் போய்விட்டது.

அப்படி வந்ததுதான் பகல் சாப்பாட்டு ஏற்பாடு. ஷிஃப்டுக்கு வழக்கமாக வரும் பஸ்ஸை விட்டுவிட்டு, அதற்கு முந்தின பஸ்ஸிலேயே அவள் இரண்டு டிபன் பாக்ஸோடு வந்துவிடுவாள். அவர் ஒன்றரை மணிக்கு நடந்து போவார். கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்கும் காலி ஃப்ரேம்கள் தொங்கும் பலகைக்கும் நடுவே, ஒரு ஸ்டூலை மேஜையாக்கிச் சாப்பிடுவார்கள். பேசுவதற்கு அப்படி ஒன்றும் பெரிதாக இருக்காது. "உப்பு?" "இருக்கு." அதைக்கூட ஃபிரிட்ஜ் கதவு வழியாக இல்லாமல் நேரில் கேட்பதில் ஒரு சுகம்.

இதற்கு வினையாக வந்தவர் மேனேஜர். நல்ல மனிதர். ஒரே ஒரு பலவீனம், கூட்டம். மற்றவர்களுக்குத் தலைவலி வந்தால் மாத்திரை போடுவார்கள். அவர் கூட்டம் போடுவார். அதுவும் பகல் ஒன்றரைக்கு, ஏனென்றால் எல்லோருடைய காலெண்டரும் அப்போதுதான் காலியாக இருக்கும். அலுவலக மின்னஞ்சலில் அழைப்பு வரும், அடியில் மூன்று பொத்தான்: 'வருகிறேன்', 'வந்தாலும் வரலாம்', 'வரவில்லை'. மூன்றாவது பொத்தான் சரிங்கவின் கணினியில் வேலை செய்கிறதா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இரண்டு முறை சாப்பாடு தவறிப்போனது. மனைவி சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அவர் நிம்மதியாக இருந்திருப்பார்.

"முந்தின பஸ்ஸுல கால் வைக்க இடமிருக்காது, தெரியும்ல? கம்பியப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டுதான் வர்றேன்," என்றாள். "அடுத்த பஸ் காலியா வருது. உங்களால வர முடியலைன்னா பரவால்ல. நான் வீட்லயே சாப்பிட்டுட்டு அதுல உக்காந்துக்கிட்டு வந்துடுறேன்."

எவ்வளவு சாதுவான வாக்கியம்! ஒரு பஸ்ஸுக்குப் பதில் இன்னொரு பஸ், அவ்வளவுதான். ஆனால் அவள் அந்தக் காலி பஸ்ஸில் உட்காரும் நாளில் தான் மறுபடி ஃபிரிட்ஜ் கதவுக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று அவருக்குப் புரிந்தது. முடியாது என்று மேனேஜரிடம் சொல்ல வாய் வராது. வாய் வராதவனுக்கு விரல் இருக்கிறதே. தன் காலெண்டரில், ஒவ்வொரு வேலை நாளும் பகல் ஒன்றரைக்கு, ஒரு கட்டத்தை நிரப்பினார்: 'ஒருங்கிணைப்புக் கூட்டம்'. எதை ஒருங்கிணைப்பது, யாரோடு என்பதெல்லாம் இல்லை. அலுவலகத்தில் ஒருவரும் கேள்வி கேட்காத சொல் எது என்று நிதானமாக யோசித்துத் தேர்ந்தெடுத்த சொல் அது.

பலித்தது. அழைப்பு அனுப்பப் போகும்போதெல்லாம் மேனேஜருக்கு 'இவர் அந்த நேரத்தில் பிஸி' என்று வந்தது. அவரும் மரியாதையாக விலகிக்கொண்டார். ஒரு பருவம் முழுக்கச் சரிங்க தினமும் சூடாகச் சாப்பிட்டார். கன்னத்தில் கொஞ்சம் சதைகூடப் பிடித்தது.

அப்புறம் மேனேஜரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை. 'நாளை முதல் ஊழியர்கள் அனைவரும் தத்தம் காலெண்டரைச் சக ஊழியர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். நமக்குள் ஒளிவுமறைவு வேண்டாம்.' தன் காலெண்டரைப் பூட்டிவைத்துக்கொண்டுதான் அவர் இதை எழுதினார். அது வேறு விஷயம்.

எப்படிப் பகிர்வது என்று மேஜை மேஜையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள் கம்ப்யூட்டர் பிரிவுப் பெண். "நீங்க பிஸியா ஃப்ரீயான்னு மட்டும் காட்டலாம் சார். தலைப்பையும் காட்டலாம். எல்லாத்தையும் காட்டலாம். அதுக்கும் மேல, மத்தவங்களே உங்க காலெண்டர்ல கை வச்சு மாத்துற அனுமதியும் குடுக்கலாம்."

"அதை யாருக்கும்மா குடுப்பாங்க?"

"யாருக்கு வேணா. வீட்ல உள்ளவங்களுக்கு மட்டும் குடுத்துடாதீங்க," என்று சிரித்தாள்.

"சரிங்க."

அவள் நகர்ந்ததும் வேலையை ஆரம்பித்தார். சர்வீஸ் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு மெக்கானிக்கை ஒரு கடைக்கு அனுப்பும்போது, தகவலுக்காக இன்னும் நாலு பேர் பெயரையும் அந்த அழைப்பிலேயே சேர்த்துவிடுவார்கள். அந்த நாலு பேரும் அதைப் பார்ப்பதோடு சரி, கிளம்பிப் போய்த் தராசைத் தூக்க மாட்டார்கள். இத்தனை வருஷமாக அவருக்குத் தெரிந்த பகிர்தல் இது ஒன்றுதான். ஆகவே தன் ஒருங்கிணைப்புக் கூட்டத்தைத் திறந்தார். பெயர்க் கட்டத்தில் 'அனைத்து ஊழியர்கள்' என்று போட்டார். அனுப்பட்டுமா என்று கேட்டது மென்பொருள். யார் கேட்டாலும் என்ன சொல்வாரோ அதையே சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்தபோது கூட்ட அறையிலிருந்து சாரிசாரியாக ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கடைசியாக மேனேஜர், முகமெல்லாம் மலர்ச்சி.

"பிரமாதமா போச்சு! நீங்க எங்க போயிட்டீங்க?"

"எதுங்க சார்?"

"உங்க கூட்டம்தான். ரொம்ப நாளா நீங்க தனியாவே இதை நடத்திட்டு இருந்திருக்கீங்க. எங்களையும் கூப்பிடணும்னு இப்பவாவது தோணுச்சே! நாளைலேருந்து நீங்கதான் தலைமை."

நாக்கு தன் வழக்கமான பாதையில் போனது. "சரிங்க."

மேஜையில் போய் அஞ்சலைத் திறந்தார். வருகிறேன், வருகிறேன், வருகிறேன். ஒருவராவது எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் தனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடுமே! ஸ்டோர் ரூம் அக்கா மட்டும் வாசலில் மறித்தார். "என்ன தம்பி ஒருங்கிணைக்கிறோம்? ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே. நானும் ரெண்டு தடவை தலையாட்டிட்டு வந்தேன்."

"வழக்கமானதுதாங்க அக்கா," என்றார்.

"அதானே," என்று அக்காவும் இன்னொரு முறை தலையாட்டினார்.

மறுநாள் பகல், மனைவிக்குப் போன் செய்தார்.

"இன்னைக்கு வர முடியலம்மா. ஒரு கூட்டம்."

"என்ன கூட்டம்?"

"நம்ம கூட்டம்தான்."

"நம்ம கூட்டமா? நான் டிபன் பாக்ஸோட இங்கல்ல உக்காந்திருக்கேன்!"

விளக்கினார். மறுமுனையில் அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த ஃப்ரேம்களே குலுங்கியிருக்கும். சிரித்து முடித்ததும் குரல் தணிந்தது. "ரத்து பண்ணிடுங்களேன்."

ரத்து பண்ணப் பார்த்தார். பொத்தான்மேல் விரலை வைத்ததும் மென்பொருள் கேட்டது: எல்லோருக்கும் அறிவிக்கட்டுமா? காரணம் எழுதுகிறீர்களா? காரணம்! விரலை எடுத்துவிட்டார்.

கூட்டம் வளர்ந்தது. தண்ணீர் ஊற்றாமலேயே வளர்கிற ஜாதி அது. முதலில் நடவடிக்கைக் குறிப்பு வந்தது, அடுத்து அந்தக் குறிப்பைச் சரிபார்க்க ஒரு துணைக்குழு. விற்பனைப் பிரிவு வண்ண வண்ணமாக ஒரு படம் போட்டுக் காட்டியது. அதில் அம்புக்குறிகள் எல்லாப் பக்கமும் போய், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கையில் மேனேஜர் இதைத் தனிப் பத்தியாகவே எழுதினார். சரிங்க நடு நாற்காலியில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னாலும் "சரிங்க" என்றார். இவ்வளவு திறமையாகக் கூட்டம் நடத்துபவரைப் பார்த்ததே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். அறையின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருக்கோடியில் பஸ் நிறுத்தம் தெரியும். அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். தொலைநோக்கு என்றார் மேனேஜர்.

ஒரு வாரக் கடைசியில், துணைக்குழு தன் அறிக்கையை வாசித்துக்கொண்டிருந்தபோது, முந்தின பஸ் அன்று தாமதமாக வந்து நின்றது. நெரிசலிலிருந்து பிதுங்கி நாலைந்து பேர் இறங்கினார்கள். அவள் இல்லை. வெகுநேரம் கழித்து அடுத்த பஸ் காற்றாட வந்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் நிதானமாக இறங்கினாள். ஒரு கையில் டிபன் பாக்ஸ் இல்லை, இன்னொரு கையிலும் இல்லை. மேஜைக்கடியில் போன் லேசாக அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார்.

'உக்காந்துக்கிட்டே வந்தேன்.'

கோபம் இல்லை, குத்தல் இல்லை, முற்றுப்புள்ளி உண்டு. துணைக்குழுவின் அறிக்கையை ஏற்கலாமா என்று யாரோ கேட்டார்கள். அன்று முதல் தடவையாக அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதையும் சம்மதமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

வார விடுமுறை முடிந்து வந்த காலை, யாரும் வருவதற்கு முன்னால் கணினியைத் திறந்தார். ரத்து. எல்லோருக்கும் அறிவிக்கட்டுமா? ஆம். காரணம்? ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார்: 'இது கூட்டம் அல்ல.' அதே கட்டத்தில் புதிதாக ஒன்றை எழுதினார்: 'மனைவியோடு சாப்பாடு.' காலெண்டரைக் கம்ப்யூட்டர் பிரிவுப் பெண் சொன்ன முறைப்படி, எல்லாம் தெரியும்படி, எல்லோருக்கும் பகிர்ந்தார். இந்தத் தடவை ஒரே ஒருவருக்குத்தான் அழைப்பு அனுப்பினார். லென்ஸ் ஆர்டர்களுக்காகக் கண்ணாடிக் கடை தந்த மின்னஞ்சல் முகவரி ஒன்று மனைவியின் போனில் உண்டு. அந்த முகவரிக்கு.

அலுவலகம் நிரம்பியது. ஒவ்வொரு மேஜையிலும் அறிவிப்பு திறந்தது. எல்லோரும் அவசரமாக எதையோ தட்டச்சு செய்யத் தொடங்கினார்கள். ஸ்டோர் ரூம் அக்கா மட்டும் வந்து, "நான் அன்னைக்கே கேட்டேன்ல?" என்று சொல்லிவிட்டு, ஒருவித வெற்றியோடு திரும்பிப் போனார்.

மேனேஜர் அறைக்குள் கூப்பிட்டார்.

"அப்ப இவ்வளவு நாளா நாம எதை ஒருங்கிணைச்சோம்?"

"தெரியலைங்க சார்."

"எனக்கும் தெரியலை. ஆனா தலைமை அலுவலகத்துக்கு எழுதிட்டேனே! இன்னும் ரெண்டு கிளையில ஆரம்பிக்கச் சொல்லியிருக்காங்க." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, போகட்டும். கூட்டம் நடக்கட்டும், நீங்களே நடத்துங்க. சாப்பாட்டை மட்டும் ஒரு அரை மணி தள்ளி வச்சுக்கலாமில்ல?"

சரிங்கவின் உதடுகள் பிரிந்தன. 'ச' வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அந்தக் காலி பஸ்ஸும் ஜன்னலோரம் வசதியாக உட்கார்ந்து வரும் அவளும் கண்முன்னே வந்துபோனார்கள்.

"சார், வீட்டுக்காரம்மா காலெண்டரைப் பாக்க மட்டும்தான் எனக்கு அனுமதி," என்றார். "மாத்துறதுக்கு இல்ல."

மேனேஜர் அவரைப் பார்த்தார். பூட்டிவைத்த தன் காலெண்டர் திறந்திருந்த திரையையும் ஒரு கணம் பார்த்தார். அதில் என்ன இருந்ததோ, பெருமூச்சு ஒன்று வந்தது. "எனக்குப் பாக்கக்கூட அனுமதி இல்லை. போயிட்டு வாங்க."

கூட்டம் நிற்கவில்லை. ஆரம்பித்தவர் இல்லாமலும் நடப்பதுதானே நல்ல கூட்டத்துக்கு அழகு. பிற்பகலுக்கு மாற்றி இன்றும் நடத்துகிறார்கள். ஸ்டோர் ரூம் அக்கா தலைமை.

அன்று ஒன்றரை அடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது அவருக்கு ஒரு பதில் வந்தது. மனைவியிடமிருந்து. மூன்று பொத்தான்களில் அவள் நடுப்பொத்தானை அழுத்தியிருந்தாள். 'வந்தாலும் வரலாம்.'

ஓட்டமும் நடையுமாகப் போனார். பின்னறையில் யாரும் இல்லை. இயந்திரம் உறையைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. ஸ்டூலை இழுத்து நடுவில் போட்டார். கண்ணே இல்லாத ஃப்ரேம்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டு அவரையே பார்த்தன. தெருவில் ஒரு பஸ் முக்கி முனகி நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. எந்த பஸ்ஸோ என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது.

புடவைத் தலைப்பு கசங்கி, முடி கலைந்து, கம்பியைப் பிடித்துச் சிவந்த உள்ளங்கையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். இரண்டு டிபன் பாக்ஸையும் ஸ்டூல்மேல் வைத்தாள். வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகத்தான் இருந்தது.

"நின்னுக்கிட்டேதான் வந்தேன்," என்றாள், பெரிய பாக்ஸை அவர் பக்கம் தள்ளியபடி.