முகத்தில் கதவு வைத்த கார்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் புதிதாக வந்த சின்னதுரை ஒரு கார் கொண்டுவந்தார். அதைக் கார் என்று சொல்லலாமா என்று எங்களுக்குள் பெரிய பேச்சு. ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஓடிய மற்றக் கார்கள் எருமை மாதிரி நீளமாக இருக்கும். இதுவோ கோழிமுட்டையைப் படுக்கப் போட்ட மாதிரி. முட்டைக் கார் என்றே பேர் வைத்தோம். பக்கத்தில் கதவு கிடையாது. மூஞ்சிதான் கதவு. அலுமாரியைத் திறப்பது போல முன்பக்கத்தைத் திறந்தால் ஸ்டியரிங்கும் அதோடு சேர்ந்து வெளியே வரும். துரை உள்ளே போய் உட்கார்ந்து கதவை இழுப்பார், ஸ்டியரிங் அவர் மடிக்கு வந்து சேரும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற வழியில் நின்று பார்ப்பேன். இதை யோசித்த ஆள் யார், அவன் வீட்டில் கதவு எங்கே இருக்கும் என்று எனக்கு ஒரே ஆராய்ச்சி.

ஒரு நாள் துரை அதை ஃபேக்டரிச் சுவரில் மூக்கு முட்ட நிறுத்திவிட்டார். கதவு திறக்கவில்லை. பின்னால் எடுக்கும் கியரும் இறுகிப்போயிற்று. மேலே இருந்த துணிக்கூரையை விலக்கித் தலையை நீட்டிக் கூப்பிட்டார். கொழுந்து நிறுக்க நின்ற பெண்கள் நாங்கள் ஓடிப்போய்ப் பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பிவிட்டோம். ஆளுக்கு ஒரு கூடைக் கனம்கூட இல்லை.

தோட்டத்தை அரசாங்கம் எடுத்தபோது துரை ஊருக்குப் போனார், கார் போகவில்லை. எஞ்சினைப் பதுளைக் கடை முஸ்லிம் முதலாளி ஒருவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், வாங்கிப்போய் மிளகாய் அரைக்கும் மிசினில் பூட்டினார். தூள் அரைக்கப் போனால் காது கொடுத்துக் கேட்பேன். அதே சத்தம்.

"தொரை உள்ளயா இருக்காரு, நானா?" என்பேன்.

"ஓ, தும்மிக்கிட்டு ஈக்கிறாரு" என்பார் முதலாளி.

எஞ்சின் போன கூடு ஃபேக்டரி விறகுக் கொட்டிலில் கிடந்தது. கோழிகள் அடைந்தன.

இனி என் கதைக்கு வருகிறேன். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான கீழ்லயம் பள்ளத்தில் இருக்கிறது. திருவிழாவில் மாரியம்மன் தோட்டத்து லொறியில் மேல் ரோட்டோடு போய்விடுவாள். எங்கள் பாதை லொறிக்குப் பத்தாது. நாங்கள் பூசைத் தட்டோடு மேடேறிப் போய், மேல்லயத்துக்காரர்கள் பூசை முடிக்கும்வரை நிற்க வேண்டும். கல்யாணமாகி வந்த வருஷம் நானும் போய் நின்றேன். கற்பூரம் ஏற்றுமுன் லொறி நகர்ந்துவிட்டது. அதோடு சரி. ஆத்தா என் வாசலுக்கு வரட்டும், அன்றைக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். என் வீடோ கீழ்லயத்தின் கடைசிக் காம்பரா. மேல்லயத்தில் இருந்த என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா, வருஷம் தவறாமல் கேட்பாள்.

"என்ன புள்ள, ஆத்தா ஒன் வீட்டுக்கு வந்தாளா? தேத்தண்ணி குடுத்தியா?"

கேட்காத மாதிரி கூடையைத் தூக்கிக்கொண்டு நடப்பேன்.

ஒரு வருஷம் டீசல் இல்லை, லொறி தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பழைய சப்பரத்தின் கால்களைக் கறையான் தின்றிருந்தது. கோயிலடியில் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கையில் நான் சொன்னேன்:

"முட்டைக் காரு சும்மாதானே கெடக்கு. தள்ளிக்கிட்டுப் போலாம். அது கீழ்லயத்துக்கும் வரும்."

"கோழி அடையிற காரும்மா அது" என்றார் கோயில் தலைவர்.

"லொறியில மட்டும் சந்தனமா ஏத்துனீங்க? தேயிலைக்குப் போடுற ஒர மூட்டதானே!"

மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். கூரைமேல் பூப்பந்தல் கட்டினோம். ஆத்தாளை உள்ளே உட்காரவைத்தோம். அவளுக்குப் பக்கத்தில் பூசாரி. ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் மணி. ஸ்டியரிங்குக்கும் ஓர் அரளிமாலை போட்டாயிற்று. தேருக்கு வடம் முன்னால் இருக்கும். எங்கள் தேர் இறக்கத்தில் ஓடிவிடாமல் இருக்கப் பின்னால் கட்டிப் பிடித்துக்கொண்டோம்.

மேல்லயம் முடிந்து கீழ்லயத்துக்கு இறங்கினோம். வீட்டுக்கு வீடு நிறுத்தி, கார்க் கதவைத் திறந்து தீபம் காட்டி நகர்ந்தோம். என் வாசலுக்கு வரும்போது பாதை முடிந்துவிட்டது. மூக்குப் போய்க் கற்பாறையில் முட்டியது. கதவு திறக்கவில்லை. ஆத்தா உள்ளே, பூசாரி உள்ளே, சாம்பிராணிப் புகையும் உள்ளே. மேலே தலையை நீட்டலாமென்றால் பூப்பந்தல்.

நாத்தனார் சிரித்துக்கொண்டே வந்தாள். "தொரைய மாட்ட வச்ச காருல ஆத்தாளையும் மாட்ட வச்சிட்டியே!"

என் வீட்டுக்காரர் வடத்தை இழுக்கப் போனார். தலைவர் கையைப் பிடித்தார். "சாமிய பின்னுக்கு இழுக்கக் கூடாதுப்பா. கண்ணாடி வழியா காட்டிட்டுப் போகச் சொல்லு."

"கண்ணாடிக்குக் காட்டவா இத்தன வருசம் இருந்தேன்?" என்று தட்டைக் கீழே வைத்துவிட்டு, கீழ்லயத்துப் பெண்களைப் பார்த்தேன். "அன்னைக்குத் தூக்குன மாதிரிதான். பின்பக்கத்தத் தூக்கித் திருப்பினா அது இழுக்கிறதில்ல. வாங்க."

சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தோம். தூக்கித் தூக்கி வைத்துத் திருப்பினோம். கார் என் வீட்டு வாசலைப் பார்த்து நின்றது. கதவு திறந்தது. பூசாரி இருமிக்கொண்டே வெளியே விழுந்தார். ஸ்டியரிங்கும் கூடவே வெளியே வந்து, அதில் கிடந்த அரளிமாலை என் கைக்கு நேரே தொங்கியது. அப்படித்தான் செய்திருக்கிறார்கள் காரை, எனக்குத் தெரியாததா. ஆனாலும் மாலையை வாங்கிக்கொண்டேன். தேங்காயை உடைத்தேன், சரிபாதியாக விண்டது.

நாத்தனார் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஆத்தாளுக்குத் தேத்தண்ணி வேணாமாம் மதினி. ஒங்களுக்குப் போடவா?" என்றேன்.

"சீனி கூடப் போடு" என்று உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

அடுத்த வருஷம் லொறி கிடைத்தது. மேல் ரோட்டில் ஆத்தா லொறியில்தான் வந்தாள். எங்கள் பாதை பிரியும் வளைவில் இறங்கி, முட்டைக் காரில் ஏறி, எங்களிடம் வந்தாள். அவள் வருமுன்பே பாறைக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய கல்லை உருட்டிப் போட்டு வைத்திருந்தேன். சக்கரம் அதில் தட்டி, என் வாசலில் நின்றது.