பாளையத்தில் இறங்க வேண்டியவர்

வேலை முடிந்து கழக்கூட்டம் ஸ்டாப்பிலிருந்து திரும்பும் மாலை பஸ்ஸில் ஒரு மலையாளி என் பக்கத்தில் வந்து உட்காருவார். நரைத்த மீசை, கழற்ற மறந்த ஆபீஸ் அட்டை, செருகிக்கொண்டே போகும் கண்கள். தூங்கினால் பாளையத்தில் இறங்காமல் விட்டுவிடுவாராம். அதனால் என்னிடம் க்விஸ் கேட்பார்.

"குடும்பப்பேர்ல மலை வர்ற நடிகர் யாரு? ஏரி வர்ற பாடகி?"

எல்லாம் வெளிநாட்டுப் பிரபலங்கள். எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். பதிலையும் அவரே கொட்டாவியோடு சொல்லிவிடுவார்.

ஒருநாள் எனக்கும் அலுப்பு. "அதெல்லாம் கிடக்கட்டும் சேட்டா, உங்க வீட்டுப்பேரு என்ன?" என்றேன்.

"புழக்கர. ஆத்தங்கரைன்னு அர்த்தம். கல்லாறுல ஆத்தை ஒட்டித்தான் வீடு. வித்தாச்சு, இப்ப அது ரிசார்ட்டாக்கும். பேரு மட்டும் என்கூட இருக்கு, கேட்டோ."

அப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை. என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். பாளையம் வந்தது. எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

பாளையம் தாண்டி, பழவங்காடியில் கண்டக்டர் தட்டி எழுப்பினார். பதறி எழுந்தவர் என்னைப் பார்த்து, "ஆத்துப் பாலம் தாண்டியாச்சா?" என்றார்.

அந்த வழியில் ஆறே கிடையாது. அவருடைய பையை எடுத்துக் கொடுத்தேன்.