தகர டப்பா மேளமும் எங்கள் அக்காவும்

அக்கா இல்லாமல் ஓராண்டைக் கடத்திவிட்டோம். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவரைப் பற்றிச் சொல்ல, தங்கையாகிய நான் முயல்கிறேன்.

அக்கா பிறந்தது குடியாத்தத்தில். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே படித்து இயற்பியல் பட்டம் பெற்றார். மணமாகி பெங்களூரு வந்து, ஈஜிபுராவில் குடியேறி, அருகிலிருந்த சிறு பள்ளியில் அறிவியல் ஆசிரியையானார்.

ஞாயிறுதோறும் தெருப் பிள்ளைகளை மொட்டை மாடியில் கூட்டி வாத்தியம் செய்ய வைப்பார். பால்பவுடர் டப்பாவின் வாயில் பலூனை இழுத்துக் கட்டினால் மேளம். அதன்மேல் நாலு அரிசியைப் போட்டுத் தட்டி, "அரிசி குதிக்குது பாரு. பலூன் அதிருது, அதான் சத்தம்" என்பார். யாராவது இரைச்சல் என்று முறையிட்டால், வீட்டுக்கார அம்மா கன்னடத்தில், "மக்களு ஆட்லி பிடி" என்று பிள்ளைகளை விளையாட விடச் சொல்லி, வந்தவர்களை அனுப்பிவிடுவார்.

ஒரு ஞாயிறு, எல்லோரையும் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, "சத்தம் எந்தப் பக்கம் வருதோ, திரும்பாம கைய காட்டுங்க" என்றார். எல்லோரும் காட்டினார்கள். அக்காவின் மகள் கயல், மூன்றரை வயது, சும்மா இருந்தாள். விளையாட்டு புரியவில்லை என்று நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. மேளத்தை அவள் தலைக்குப் பின்னால் பிடித்து ஓங்கி அடித்தார். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கயல் சுவரில் ஊர்ந்த எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேச்சு லேட்டா வரும்னு எல்லாரும் சொன்னீங்களேடி" என்றார் அக்கா. பிறகு, "மூணு வருஷமா தாலாட்டு பாடுனேன். யாருக்குப் பாடுனேன்?"



பல வாரங்கள் அவர் மாடிக்கே போகவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்குச் சத்தத்தைப் பற்றிப் பாடம் எடுத்தவருக்குத் தன் பிள்ளைக்குக் காது கேட்காதது தெரியவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டார். பின்னர் ஒருநாள் கயலின் உள்ளங்கையை மேளத்தின்மேல் வைத்துத் தட்டினார். அதிர்வு பட்டதும் குழந்தை சிரித்தாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் மீண்டும் தொடங்கின.

காதுக்குள் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு ஓராண்டுக்கு மேல் காத்திருந்து தேதி கிடைத்தது. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு அக்காவுக்கு டெங்கு காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் போய்விட்டார். என்னிடம் கடைசியாகச் சொன்னது, "ஆபரேஷன் தேதிய மட்டும் தள்ளிப் போட்றாதீங்க."

தள்ளிப் போடவில்லை. ஒரு மாதம் கழித்துக் கருவியை இயக்கியபோது கயல் திடுக்கிட்டுத் திரும்பினாள். சில வாரங்களில் குரல்களைக் கவனிக்கத் தொடங்கினாள். ஒரு மாலை அக்காவின் கணவர், எங்கள் மாமா, தன் போனில், அக்கா எப்போதோ அனுப்பியிருந்த குரல்செய்தியைப் போட்டார். "வரும்போது தயிர் வாங்கிட்டு வாங்க" என்ற ஒற்றை வரி. கயல் போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்து, யார் என்று கையை விரித்துக் கேட்டாள்.

மருத்துவமனையில் இரத்தத் தட்டணுக்கள் தந்த முகம் தெரியாதவர்களுக்கும், கயலுக்கு மூன்று மாதம் சோறூட்டிய வீட்டுக்கார அம்மாவுக்கும், வாசலில் வந்து அழுதுகொண்டு நின்ற தெருப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆறுதல் அடைந்துவிட்டோம் என்று எழுத வேண்டிய இடம் இது. எழுத மனம் ஒப்பவில்லை.